நாற்பதாவது வளைவில் நின்ற பத்மினி: ஒரு ராலி நிகழ்வு ஆய்வு

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ராலியின் நடுவே, அதில் 40-ஆவதைத் தாண்டியதும் எங்கள் பிரீமியர் பத்மினி கார் நின்றது. ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு போனால் 53-ஆவது வளைவில் மறுபடியும் நின்றது. இரண்டுக்கும் சேர்த்து 25 நிமிடம் போனது. தாமதமாகும் வினாடிக்கு ஒரு அபராதப் புள்ளி என்ற கணக்கில் 1,500 புள்ளி. அன்று முழுக்க மற்ற எல்லாப் பகுதிகளிலும் சேர்த்து நாங்கள் வாங்கிய அபராதம் வெறும் 212.

"பழைய வண்டி, அப்பப்போ அதுக்குக் கோபம் வரும்" என்று மாலையில் பலர் ஆறுதல் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. வண்டி இரண்டு முறை நின்றதற்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. இரண்டிலும் எங்கள் கை இருந்தது. அடுத்த மூன்று வாரம் சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய காரை மலை ஏற்றுகிற யாருக்கும் பயன்படும்.

வண்டியும் ஆட்களும்

வண்டி 1978-ஆம் வருடத்துப் பத்மினி. சித்தப்பா 1991-இல் வாங்கியது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கை கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒற்றை கார்புரேட்டர். இந்த இன்ஜினுக்குப் பெரிய வம்சம் உண்டு. ஃபியட் இந்த 1089 சிசி இன்ஜினை 1937-இலேயே கொண்டுவந்துவிட்டது. 1948 மில்லே மிலியா பந்தயத்தில் ஃபெராரி முதலிடம் பிடித்தபோது அதற்குப் பின்னால் 2, 3, 4 என்று வரிசையாக வந்தவை ஃபியட் 1100 கார்கள். பின்னாளில் இத்தாலியில் 1100டி என்ற கார் 1221 சிசிக்கு மாறியது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி மட்டும் பழைய 1089-ஐயே விடாமல் வைத்திருந்தது. டாக்சி ஸ்டாண்டுகளில் பார்த்துப் பழகியதால் நாம் பத்மினியைச் சாதாரணமாக நினைக்கிறோம். அதன் இன்ஜின் அப்படிப்பட்டதல்ல என்று காட்டுவதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஓட்டியது சித்தப்பா, வயது 63. நான் நேவிகேட்டர், அதாவது பக்கத்தில் உட்கார்ந்து வழியையும் நேரக் கணக்கையும் பார்ப்பவன். போட்டி டிஎஸ்டி வகை: நேரம், வேகம், தூரம். இதில் வேகமாக ஓட்டுகிறவர் ஜெயிப்பதில்லை. ரோடு புக் என்ற வழிக்குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் கொடுத்திருப்பார்கள். அந்தச் சராசரிப்படி எந்த வினாடியில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். நாம் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும் இடமான டைம் கன்ட்ரோல் எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் போட்டியில் தாமதமாக வந்தால் வினாடிக்கு ஒரு புள்ளி, முன்னதாக வந்தால் வினாடிக்கு இரண்டு. அரை மணிக்கு மேல் தாமதமானால் அந்தப் பகுதியே கணக்கில் சேராது. கிளம்புவதற்கு முன் ஏற்பாட்டாளர்கள் அளந்து வைத்திருந்த 10 கி.மீ. ஓடிப் பார்த்தோம். எங்கள் மீட்டர் 9.72 காட்டியது. அதனால் அன்று முழுக்க எங்கள் மீட்டரை 1.029-ஆல் பெருக்கித்தான் கணக்கு. அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, சேலத்திலிருந்து நாமக்கல் வரையிலான பகுதிகளில் ஒற்றை இலக்கத்தில்தான் பிசகினோம்.

காரவள்ளியிலிருந்து மேலே

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரத்தில் எங்களுக்கு மலைப் பகுதியின் தொடக்க நேரம் 11:52 என்று குறித்துக் கொடுத்தார்கள். மார்ச் கடைசி வாரம், வெயில் உச்சியில் நின்றது. இந்தப் பகுதிக்குச் சராசரி மணிக்கு 28 கி.மீ., அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 8.6 வினாடி. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் பத்மினி 12, 15-க்கு இறங்கிவிடும். மற்ற இடத்தில் இரண்டாம் கியரில் விரட்டினால்தான் 28 கட்டும்.

சித்தப்பாவுக்கு ஒரு பயம். எதிரே பஸ் வந்து ஒதுங்க நேர்ந்தாலும், வண்டி ஏதாவது முரண்டு பிடித்தாலும் நேரம் போய்விடுமே என்று. அதனால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் நேரம் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்றார். நானும் சரி என்றேன். இந்த இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

12:12-க்கு நாங்கள் 10.1 கி.மீ.யில் இருந்தோம். என் அட்டவணைப்படி 100 வினாடி முன்னால். அடுத்த வளைவில் கன்ட்ரோல் இருந்தால் 200 புள்ளி போய்விடும். "சித்தப்பா, நிறுத்துங்க. நூறு வினாடி நிக்கலாங்க" என்றேன். 39-ஆவது வளைவுக்கு முன்னால் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. ஓரங்கட்டினார். சூடு ஏறக்கூடாதே என்று நல்ல எண்ணத்தில் இன்ஜினையும் அணைத்தார். அங்கேயிருந்து கீழே சமவெளி புகைமூட்டமாகத் தெரிந்தது. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூறு வினாடி முடிந்ததும் சாவியைத் திருப்பினார். ஒரே தொடலில் பிடித்தது. இரண்டு வளைவு ஏறினோம். விக்கல் வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முன்னும் பின்னும் ஆடியது. 40-ஐத் தாண்டிய மேட்டில் ஓய்ந்து நின்றது. மணி 12:14:20.

வேப்பர் லாக்: பெட்ரோல் சூட்டில் ஆவியாகி பம்பை அடைத்துக்கொள்வது. இது எங்களுக்குத் தெரிந்த வியாதிதான். நம் ஊரில் பத்மினி, அம்பாசிடர் ஓட்டிய எல்லோருக்கும் இதற்கு வைத்தியம் தெரியும்: பானட்டைத் திற, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்று, தண்ணீர் ஊற்று, காத்திரு. பழைய பனியன் துணி ஒன்றை நனைத்துச் சுற்றினோம். 7 நிமிடத்தில் வண்டி கிளம்பியது. அவசரத்தில் துணியை அப்படியே விட்டுவிட்டு பானட்டை மூடினோம்.

3.5 கி.மீ. நன்றாகப் போனது. 53-ஆவது வளைவை நெருங்கும்போது சைலன்சரில் பட், பட் என்று இரண்டு மூன்று வெடி. உடனே இன்ஜின் அடங்கிவிட்டது. மணி 12:28:50.

"மறுபடியும் பம்ப் சூடாயிருச்சு கண்ணு" என்றார் சித்தப்பா. நானும் யோசிக்காமல் தண்ணீர் கேனை எடுத்தேன். ஊற்றினோம். காத்திருந்தோம். செல்ஃப் அடித்தோம், பிடிக்கவில்லை. இன்னும் ஊற்றினோம். பத்து நிமிடம் இப்படியே கரைந்தது. பேட்டரி வேறு இளைக்க ஆரம்பித்தது.

மேலேயிருந்து அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை லோடு வண்டி இறங்கி வந்தது. டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். நிறுத்தி, இறங்கி, பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கை எதுவும் வைக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "பெட்ரோல் வரலீங்களா, கரண்ட் வரலீங்களா? எதுன்னு பாத்தீங்களாண்ணா?"

பார்க்கவில்லை. இரண்டில் எது என்று பார்க்காமலேயே ஒன்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தோம். பெட்ரோல் துடித்துத் துடித்து வந்தது. பம்ப் நன்றாகவே வேலை செய்கிறது! பைப்பை மாட்டி, சிந்திய பெட்ரோலைச் சுத்தமாகத் துடைத்து, சற்று ஆற விட்ட பிறகு பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயிலின் வயரை, அதை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி இன்ஜின் இரும்புக்கு அருகே பிடித்துப் பார்த்தோம். (பெட்ரோல் திறந்து கிடக்கும்போது இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள்.) நல்ல நீலப் பொறி தாவியது. காயில் வரைக்கும் சரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே வியர்வை போலத் தண்ணீர் முத்துக்கள். நாங்கள் சுற்றிவிட்டிருந்த ஈரத் துணியின் ஒரு முனை ஆட்டத்தில் அவிழ்ந்து மூடியின் மேல் படுத்திருந்தது. போதாக்குறைக்கு நாங்களே அதன் மேல் தண்ணீரும் ஊற்றியிருக்கிறோம்.

சித்தப்பா தோளில் கிடந்த துண்டின் உலர்ந்த பக்கத்தால் துடைத்தார். 12:46:50-க்கு இன்ஜின் பிடித்தது. அதன் பிறகு வேகமாகப் போய் நேரத்தைப் பிடிக்க நாங்கள் முயலவே இல்லை. 28-லேயே போய் 19.6 கி.மீ.யில் இருந்த கன்ட்ரோலை 12:59-க்குத் தொட்டோம். வர வேண்டிய நேரம் 12:34. இன்னும் 5 நிமிடம் போயிருந்தால் அந்தப் பகுதியே கைவிட்டுப் போயிருக்கும்.

முதல் நிறுத்தம்: ஏன்?

பத்மினியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பார்களே, அதே வகை (ஏசி என்பது கம்பெனிப் பெயர், குளிர்சாதனம் அல்ல). இன்ஜினோடு சுழலும் கேம் ஷாஃப்ட் அதைத் தள்ளும், உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஏறி இறங்கிப் பின்னால் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சுகிற பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பெட்ரோல் ஒரே பொருளல்ல, பல பொருள்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்பில் ஆவி நிறைந்தால் டயஃப்ரம் அந்த ஆவியையே அமுக்கி விரித்துக்கொண்டிருக்கும், திரவம் நகராது.

இதற்கு மேல் மலை. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. அதுவும் ஆவியாவதற்கு உதவி. அடுத்தது எத்தனால். இப்போது நமக்குக் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலின் சில பகுதிகளோடு சேரும்போது இரண்டும் சேர்ந்து அதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். இந்தப் பம்பை வடிவமைத்தவர்களுக்கு முன்னால் இப்படி ஒரு எரிபொருள் இல்லை.

சரி, இதெல்லாம் அன்று மலை ஏறிய எல்லாப் பழைய வண்டிகளுக்கும் பொது. எங்களுடையது மட்டும் ஏன் நின்றது? அந்த 100 வினாடியால்தான்.

ஓடுகிற இன்ஜினை விசிறிக் காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் பம்பிலிருந்து சூட்டை எடுத்துப் போகும். இன்ஜினை அணைத்த அந்த நொடியில் மூன்றும் நின்றுவிடுகின்றன. ஆனால் பிளாக்கிலும் எக்ஸாஸ்டிலும் ஊறியிருக்கிற சூடு எங்கே போகும்? பம்புக்குள்தான் ஏறும். அணைத்த பிறகு சில நிமிடங்களுக்குப் பம்பின் சூடு குறையாது, கூடும். சித்தப்பா நல்லது என்று நினைத்துச் செய்தது, அந்த இடத்தில் செய்யக்கூடிய காரியங்களிலேயே மோசமானது.

அப்படியானால் கிளம்பும்போது ஏன் ஒரே தொடலில் பிடித்தது? கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல். அந்த மேட்டில் லிட்டருக்கு 8 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 300 மீட்டருக்குத் தேவை 37, 38 மில்லி. கிண்ணத்தில் இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சரியாக 300 மீட்டரில்தான் நின்றோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பொருத்தம்.

இப்போது போட்டிக் கணக்குக்கு வருவோம். 100 வினாடியைச் செலவழிக்க நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மீதி இருந்தது 9.5 கி.மீ. அதை 28-க்குப் பதில் 26-இல் ஓட்டியிருந்தால் 94 வினாடி தானாகவே கரைந்திருக்கும். இரண்டு கி.மீ. வேகம் குறைத்தால் போதும், காற்றும் பெட்ரோலும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அதையும் செய்யாமல் அப்படியே முன்னதாகப் போய் நின்றிருந்தால்கூட அதிகபட்சம் 200 புள்ளி. அதைத் தவிர்க்கப் போய் 1,500 வாங்கினோம். நிறுத்தச் சொன்னது நான். நேவிகேட்டர் காகிதத்தில் நேரத்தை மட்டும் பார்க்கக்கூடாது, பானட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதும் அவன் கணக்கில் இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது நிறுத்தம்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியே எங்களுக்குச் சொல்லியது, நாங்கள்தான் கேட்கவில்லை. பெட்ரோல் இல்லாமல் நிற்கிற வண்டி விக்கி, ஆடி, மெல்ல ஓயும். பொறி இல்லாமல் நிற்கிற வண்டி பட்டென்று அடங்கும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கும். முதல் முறை விக்கல், இரண்டாம் முறை வெடி. இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஒரே வியாதி என்று நினைத்தோம், ஏனென்றால் ஏழெட்டு நிமிடம் முன்னால் அந்த மருந்து வேலை செய்திருந்தது. 18 நிமிடத்தில் பத்து நிமிடம் இந்த எண்ணத்துக்குக் கொடுத்த விலை.

பம்பைக் கழற்றியபோது

ஊருக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சித்தப்பா 90-களில் இதே வண்டியில் இதே மலைக்குப் பலமுறை வந்திருக்கிறார், அரப்பளீஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு. நடுவில் நிறுத்தி, சாப்பிட்டு, போயிருக்கிறார். அப்போதெல்லாம் நிற்காத வண்டி இப்போது 100 வினாடிக்கு ஏன் நிற்கிறது? எத்தனால் ஒரு பகுதி பதில். முழுப் பதிலா?

பம்பைக் கழற்றினோம். பிளாக்குக்கும் பம்புக்கும் நடுவே பேக்கலைட் என்ற, சூட்டை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக்கில் ஒரு கட்டை இருக்க வேண்டும். சூடு பிளாக்கிலிருந்து நேராகப் பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். எங்கள் வண்டியில் அது இல்லை! எப்போதோ யாரோ ரிப்பேர் பார்த்தபோது உடைந்திருக்கும். அதற்குப் பதிலாக கனமான பேப்பர் பேக்கிங் இரண்டு வைத்து முறுக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சமவெளியில், ஓட்டத்தில் ஒன்றும் ஆகாது. மலையில் நிறுத்தினால்தான் தெரியும்.

நாமக்கல்லில் பழைய உதிரிபாகங்கள் விற்கிற கடையில் ஒரு கட்டை கிடைத்தது. பம்பை இயக்கும் குச்சி வெளியே நீட்டியிருக்கும் அளவு முன்பு போலவே வருகிறதா என்று பார்த்து, மெல்லிய பேக்கிங் வைத்துச் சரிசெய்து மாட்டினோம். அந்த அளவு தவறினால் பம்ப் போதுமான பெட்ரோல் தள்ளாது. பிறகு எக்ஸாஸ்டுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு. பெட்ரோல் பைப்பை இன்ஜினை ஒட்டிப் போகாமல் ஒரு கை தூரம் தள்ளிக் கட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு, எங்கள் வீட்டிலிருந்து பக்கம். மேலே ஏறும் வழியில் மூன்று இடத்தில் வேண்டுமென்றே இன்ஜினை அணைத்து நின்றோம்: 100 வினாடி, 3 நிமிடம், 6 நிமிடம். முதல் இரண்டிலும் விக்கல்கூட இல்லை. ஆறு நிமிடம் நின்ற பிறகு 200 மீட்டரில் லேசாக விக்கியது, நிற்கவில்லை. ஈரத் துணி இல்லாமல் ஏரி வரை போனோம். சித்தப்பா இறங்கி பானட்டைத் திறந்து பம்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். "வெச்ச கையை எடுக்கத் தோணலடா" என்றார். முன்பெல்லாம் அதைத் தொட்டால் கை சுடும்.

இப்போது வண்டியில் ஈரத் துணியோடு உலர்ந்த துணி இரண்டு தனி டப்பாவில் இருக்கின்றன. பொறிக்கு வேண்டிய பாயின்ட், கன்டென்சர் பாகங்கள் ஒரு செட் உபரி. டேஷ்போர்டில் ஒரு சின்ன அட்டை: "பெட்ரோலா, கரண்டா?" சித்தப்பா கையெழுத்து.

மீதி வேலை ஒன்று இருக்கிறது. பம்புக்குள் இருக்கிற டயஃப்ரம் பழைய ரப்பர், எத்தனால் பட்டு ஓரத்தில் உப்பியிருக்கிறது. எத்தனால் தாங்குகிற ரப்பரில் ஒன்று சொல்லியிருக்கிறோம். வந்ததும் பம்பை மறுபடியும் கழற்ற வேண்டும். அப்போது ஆறு நிமிட விக்கலும் போகிறதா என்று ஏற்காட்டு வழியில் அதே இடத்தில் நிறுத்திப் பார்ப்போம்.